அடிவரை

கொருக்குப்பேட்டை கேட் இறங்கிக்கொண்டிருந்தது.
மிதித்தேன்.
மிதியும் கூடவே இறங்கியது,
எதைச் சொன்னாலும் சரி சரியென்று கேட்டுக்கொள்ளும் ஆள் மாதிரி,
மறுப்பே இல்லாமல், தரை மேட் வரைக்கும்.

முன்னால் ஒரு டிவிஎஸ். பின்னால் கட்டிய நண்டுக்கூடை.
கைபிரேக்கை இழுத்த இழுப்பில்
தோளில் ஏதோ சொடுக்கியது.
ஒரு சாண் மிச்சம்.
அவர் திரும்பவேயில்லை.
சாக்கைக் கிழித்துக்கொண்டு ஒரு நண்டுக்கால் மட்டும்
என்னைப் பார்த்தது.
கூட்ஸ் போனது. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணினேன், வேறென்ன செய்ய.

மூன்று நாளாகவே சந்தேகம்.
ராத்திரி வண்டிக்கடியில் அட்டை விரித்து வைத்தேன்.
காசிமேட்டில் எந்த அட்டை காய்ந்திருக்கிறது?
ஐஸ் லாரி ஒழுகின தண்ணீர், மீன் அலசின தண்ணீர்,
மேல்மாடி ஏசி சொட்டு.
எல்லா ஈரத்தையும் முகர்ந்து பார்த்தேன்.
எல்லாமே மீன்.

ஃபர்ஸ்ட் கியரில், கை பிரேக்கிலேயே இருக்க,
ஐஓசி ஸ்டாப்பிங் வரை உருட்டி வந்தேன்.
டில்லிபாபு பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.
"குத்திக் குத்தி அடிச்சா ஏறுதா ரெஜினாக்கா?"
ஏறுது.
"ஏறினப்புறம் அப்டியே அமுக்கிப் புடி."
பிடித்தேன்.
முதலில் கல் மாதிரி நின்றது.
பிறகு மெதுவாக,
கிணற்றுக்குள் யாரோ கயிற்றை விடுகிற மாதிரி
என் காலடியிலிருந்து நழுவியது.

நாலு சக்கரமும் கழன்றன.
உள்பக்கம் விரலால் தடவி, விரலை விரலோடு தேய்த்து,
"வயவயப்பு இல்ல. தூசிதான்" என்றான்.
நாலு ஓசையும் இடுக்கியால் நெரித்தான்.
மறுபடி மிதிக்கச் சொன்னான்.
மறுபடி இறங்கியது.
"அப்ப சக்கரத்துப் பக்கம் இல்ல."
டப்பா மூடியைத் திறந்து, போன் வெளிச்சம் அடித்து,
"இப்ப அமுக்கு. இன்னும் அமுக்கு. இங்க வந்து பாரு...
ஐய, நீ வந்தா யாரு அமுக்கறது?"
பரோட்டாக் கடைப் பையனை சீட்டில் ஏற்றினோம்.
அவன் மிதிக்க,
ஆயிலின் மேல்தோலில் ஒரு சின்னச் சுழி.
போன வழியே திரும்பி வருகிறது.
ஒரு சொட்டு குறையவில்லை.
"வெளிய ஒயுகல. உள்ளாறயே ஒயுகுது. மாஸ்டர் காலி."

இதை வைத்து ஒரு தத்துவம் சொல்லலாம்.
டியூ தேதி ஏழு. எனக்கு நேரமில்லை.

கழற்றிக் கையில் வைத்தான்.
கட்டைவிரல் நகம் அளவு ரப்பர் கப்,
உதட்டோரம் கிழிந்திருந்தது.
"போன மாசம் ஆயில் மாத்துனியே, எங்க?"
மணலியில்.
"யாரு மிதிச்சது?"

நான்தான்.
அந்த ஆள் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு
அமுக்கு, விடு, அமுக்கு, விடு என்றார்.
ஒவ்வொரு தடவையும் தரை வரைக்கும் மிதித்தேன்,
சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள்.
பதினோரு வருஷமாக ரப்பர் போகாத ஆழத்தில்
துரு உட்கார்ந்திருந்தது.
அதன்மேல் அதைத் தேய்த்தது என் கால்.

"கிட்டு மட்டும் போட்டா?"
"துருமேல புது ரப்பர் போட்டா புதுசும் கியியும்."
முழு சிலிண்டர். பாதி காசு இன்று.
காற்று எடுக்கும்போது பெடலுக்கடியில்
ஒரு மரக்கட்டை வைத்தான்,
அதற்குமேல் கால் போகாதபடிக்கு.
அந்தக் கட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சிரித்தான்.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
மிதித்தேன். பாதியிலேயே நின்றது,
வண்டியும், மிதியும்.
முன்னால் யாருமில்லை.
கால் மட்டும்
இன்னொரு தரம் குத்திப் பார்த்தது.
இன்னொரு தரம்.